கணக்கு டீச்சர் நடத்திய மறதிப் பாடம்

கணக்கு டீச்சரிடம் படித்துத் தோற்றவர்கள் இல்லை என்பார்கள். மற்றவர்கள் கைகழுவிய பிள்ளைகளைக்கூட, ஒரே கேள்வியை நூறு தடவை கேட்டுக் கேட்டு எப்படியோ கரையேற்றிவிடுவார்.

அவருடைய கணவர் பிளம்பர். கண்ணை மூடிக்கொண்டு குழாய் மாட்டுகிற மனிதர், ஒருநாள் சொந்தச் சமையலறைக் குழாயைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் கணுக்கால் தண்ணீரில் நின்றார். அடுத்த மாதம் தன் தெருவிலேயே வழி தவறினார். அல்சைமர் என்றார் டாக்டர். கேள்விகள் கேட்டு, முப்பதுக்குப் பதினேழு மதிப்பெண் போட்டார். குணமாக்க முடியாது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், தனியே வெளியே விடவேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

டீச்சருக்கு அந்தப் பதினேழு உறுத்தியது. கேட்ட கேள்விகள் அத்தனையும் மனதில் இருந்தன. மறுநாள் காலையிலேயே பாடம் தொடங்கிவிட்டது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். ஆப்பிள், மேசை, சாவி என்று மூன்று சொற்களை நினைவில் வைக்க வேண்டும். இந்த வயதில் பரீட்சைக்கு உட்காரவைத்துவிட்டாயே என்று அலுத்துக்கொண்டே கணவர் படித்தார். தடுமாறினால் டீச்சர் முதலெழுத்தை எடுத்துக்கொடுப்பார்.

இரண்டாம் முறை இருபத்தாறு. டாக்டருக்கே வியப்பு. மருந்து நன்றாகக் கேட்கிறது, இதே அளவு போதும், பக்கத்துக் கடைகண்ணிக்குத் தனியே போய்வரட்டும் என்றார். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த பெண், கணவரிடம் பெயர் கேட்டாள். அவர் நிமிர்ந்து நின்றார்.

"ஆப்பிள், மேசை, சாவி."

வேடிக்கை என்று நினைத்து அவள் சிரித்தாள். அவரும் சிரித்தபடி, பாராட்டுக்காக மனைவியைப் பார்த்தார்.

நாளைக்குத் தெருவில் தொலைந்துபோனால், கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தானே சொல்வார்? டீச்சர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குத் திரும்பினார்.

"நான் சொல்லிக்கொடுத்துட்டேன் டாக்டர். வேற கேள்வி கேளுங்க."

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. புதிதாக மூன்று சொற்கள் சொன்னார். வேறு ஏதோ பேசிவிட்டு, அவற்றைத் திரும்பக் கேட்டார். கணவர் கூரையைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் சாய்ந்தார்.

"முதல் எழுத்து மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்மேல கோவமா?" என்றார் கணவர்.

இல்லையென்று டீச்சர் தலையசைத்தார். டாக்டர் பழைய மருந்துச் சீட்டைக் கிழித்துவிட்டு, புதிதாக எழுதத் தொடங்கினார்.