காய்ச்சல் நாளில் எடுத்த ஈ.சி.ஜி.

எங்கள் அண்ணனுக்குப் பழவங்காடியில் பாத்திரக் கடை. எதையும் ஒரே தராசில் நிறுத்து நம்பமாட்டான். பித்தளை வந்து இறங்கினால் பக்கத்துக் கடைத் தராசிலும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். பித்தளைக்கு அது சரி. பெற்ற மகனின் இதயத்தையும் அதே முறையில் நிறுத்துப் பார்த்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

நான் டாக்டர். இந்த ஊரிலேயே ஒரு நடுத்தர மருத்துவமனையில் வேலை. அண்ணன் மகன் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். நண்பர்களோடு வாடகை ஃபிளாட். மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல். ஒரு மதியம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை. கையில் ஸ்பூன் இருந்தது. அடுத்த நினைவு தரை. நண்பர்கள் அவனை என் மருத்துவமனைக்கே தூக்கி வந்தார்கள்.

நான் கீழே இறங்கி வருவதற்குள் டியூட்டி டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்து, மெஷின் உச்சியில் அச்சடித்துத் தரும் ஒற்றை வரியைப் படித்தும் முடித்திருந்தார். அதற்குக் கீழே கோடுகள் என்று சில இருப்பது இவர்களுக்கு அலங்காரம்.

"வலது பக்க பிளாக் கொஞ்சம் உண்டு மேடம். சின்னப் பசங்களுக்கு இது சாதாரணமல்லே? சாப்பிடாம இருந்திருக்கான். கேஸ் டிரபிளும் இருக்கும்."

கேஸ். இந்த ஊரில் நெஞ்சு வலித்தாலும் கேஸ், மயங்கி விழுந்தாலும் கேஸ். செத்தால்தான் அட்டாக்.

காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். நெஞ்சின் வலது ஓரத்தில் ஒட்டும் முதல் இரண்டு வயர்களின் கோடுகள். ஒரு துடிப்பு முடிந்ததும் கோடு தரைமட்டத்துக்கு வந்துவிட வேண்டும். இவனுக்கு அது உயரத்திலேயே தொங்கி, சரிவாக வழுக்கி, தரைக்குக் கீழே போய்த்தான் திரும்பியது. இதயத்தின் மின்சாரத்தில் கோளாறு என்று அர்த்தம். ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கும், எக்கோ எடுத்தால் இதயம் அழகாகத் தெரியும். குடும்பத்தில் வழிவழியாக வருவது. காய்ச்சலில் தலைகாட்டும், காய்ச்சல் விட்டால் ஒளிந்துகொள்ளும். தூக்கத்தில் ஆளை முடித்துவிடும். எங்கள் சித்தப்பா இளவயதில் தூக்கத்தில்தான் போனார். குடித்துச் செத்தார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவர் காப்பிகூடக் குடிக்கமாட்டார்.

காய்ச்சலை இறக்கி, மானிட்டரில் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். அண்ணன் மறுநாளே தன் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு மகனை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். நாகர்கோவிலில் பெண் பார்த்து நிச்சயதார்த்தம் முடிவான நேரம். பெண் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவன் பயம். மகன் செத்தால் என்ன ஆகும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஈ.சி.ஜி. காகிதங்களை என் முன்னால் விசிறி மாதிரி விரித்தான்.

"மூணு லேபில பார்த்தாச்சு. மூணும் நார்மல். உன் மெஷின்தான் கேடு."

"காய்ச்சல் இருக்கும்போது எடுத்ததா?"

"எட்டி, உடம்பு சரியில்லாதப்ப எடுத்தா தப்பாத்தானே வரும்? விட்டப்புறம்தான் எடுத்தேன்."

"காய்ச்சல்ல வந்ததுதான் அண்ணே நிஜம். திருடன் வீட்டுல இல்லாத நேரம் பார்த்து மூணு தடவை கதவைத் தட்டிட்டு, திருடனே இல்லேங்கியே."

"மூணு பேரு படிச்சவன் சொல்லுதான். நீ ஒருத்தி."

"இது என்ன பஞ்சாயத்து எலக்‌ஷனா?"

அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, அடுப்படியிலிருந்து, "சண்டை வேண்டாம், காப்பி எடுங்கோ" என்றாள். மகனுக்கு நெஞ்சில் வெடி இருக்கிறது என்கிறேன். இவளுக்குக் காப்பி ஆறிவிடக் கூடாது.

அண்ணன் மகன் அதுவரை போனைத் தடவிக்கொண்டு கிடந்தான். அவனிடமே திரும்பினேன். "இது உன் உயிர்லே. உங்கப்பா கடைச் சரக்கு இல்ல. நீ என்ன சொல்லுதே?"

போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "அத்தே, எங்க டெஸ்டிங்ல ஒரு புரோகிராம் மூணு தடவை ஒழுங்கா ஓடி ஒரு தடவை கிராஷ் ஆச்சுன்னா, பாஸ்னு எழுதினவனை வேலையை விட்டுத் தூக்கிருவாங்க" என்றான். எழுந்து சட்டை மாட்டினான். "அப்பா, நான் அத்தேகூடப் போறேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் இதய மின்சார டாக்டர் மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட்டு, என் காகிதத்தை மட்டும் கையில் எடுத்தார். மயக்கமும் இந்தக் கோடும் சேர்ந்தால் காத்திருக்க முடியாது என்றார். இடது தோளெலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். துடிப்பு தறிகெட்டால் அதுவே ஷாக் கொடுத்து மீட்கும். பெண்ணிடம் அவனே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். யோசிக்க நேரம் கேட்டிருக்கிறாள். மறைத்துக் கட்டிவைக்க இருந்த பெரியவர்களைவிட இரண்டு பேரும் நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

இது பரம்பரை நோய் என்பதால் வீட்டில் எல்லோரும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னார். எனக்கும் எடுத்தேன். நார்மல். அந்த ஒன்றை வைத்து நான் நிம்மதியாகிவிடவில்லை. மேற்கொண்டு சோதனைக்கு நாள் கேட்டிருக்கிறேன். அண்ணனோ மகனுக்காக மூன்று லேப் ஏறியவன், தனக்காக ஒரு படுக்கையில் படுக்க மாட்டேன் என்கிறான்.

"எனக்குக் காய்ச்சலே வராது, கேட்டியா?"

வரும். தெர்மாமீட்டரை மைனியிடம் கொடுத்து, சூடு ஏறினால் உடனே என்னைக் கூப்பிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். காப்பி ஆறினாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன். அவளுக்குக் கோபம்.