பானைக்குள் வைத்த ஸ்பீக்கர்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செஞ்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. எதிரில் நின்று பேசினாலும் பாதிதான் விழும். ஆனாலும் கடை மூடி வந்ததும் எங்கள் வால்வு ரேடியோவை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு செய்தி கேட்பார். அந்தச் சின்ன ஸ்பீக்கரின் கீச்சுக் குரல் மட்டும் எப்படியோ அவருக்குப் புரிந்தது.

எனக்குத்தான் அந்தக் குரல் பிடிக்கவில்லை. பௌதிகம் படித்துவிட்டுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடையில் ஒரு பெரிய ஸ்பீக்கரை வாங்கி வந்து, மண்பானை வாயில் பொருத்தி, ரேடியோவோடு இணைத்தேன். இணைத்ததும், சத்தத்தில் முதலில் இருந்த கனமும் போய்விட்டது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. பானைக்குப் போகும் ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றினேன். மேளச் சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"தண்ணி வெக்கிற பானைய பாட வெச்சிட்டான் உங்க புள்ள" என்றாள் அம்மா.

"எப்பிடி இருக்குது நைனா?" என்று கத்திக் கேட்டேன்.

"ஜோரா இருக்குதுடா."

மேளம் போன்ற தாழ்ந்த சுருதிச் சத்தம் மட்டும் பானைக்குப் போகும்படி நடுவில் ஒரு கம்பிச்சுருள் போட்டிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். போடவில்லை. பேச்சும் பானை வழியே தடித்து வந்தது என் காதுக்கு இதமாக இருந்தது. கேட்க வந்த நண்பர்களும் மெச்சினார்கள். நைனாவின் காதில் மிச்சமிருந்த கொஞ்சம் கூர்மையையும் அந்தத் தடித்த குரல் மூடிவிடும் என்று நான் யோசிக்கவே இல்லை. அவர் தினமும் வந்து உட்கார்ந்து தலையாட்டினார்.

சில மாதம் கழித்து, பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் என்னை நிறுத்தினார்.

"இன்னா வாத்யாரே, வூட்ல ரேடியோ ரிப்பேரா? ஒங்க நைனா தெனம் காலைல எங்கிட்ட வந்து நியூஸ் கேக்குறாரு. நானே பாதி கத உட்டுதான் சொல்றேன்."

அன்று மாலையே பானையைக் கழற்றினேன். நைனா சின்ன ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் வெய்."

வைத்தேன். அதற்குமேல் குமிழ் திரும்பவில்லை. இடைப்பட்ட மாதங்களில் காது மேலும் இறங்கிவிட்டிருந்தது. அவர் கடைசியாகச் செய்தி கேட்டிருக்கக்கூடிய மாதங்கள் அவை.

"அத ஏன்டா கயட்டுன?" என்றார். "அது இருந்தா வயித்துலயாவது அதிரும்."

மறுபடி இணைத்தேன். பானைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "பாட்டா, நியூஸா?" என்று கேட்டார்.

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தெருவுக்கே கேட்கும்படி கத்தினால்தான் அவருக்கு விழும். நான் கத்தவில்லை. செய்தித்தாளை எடுத்துக் காட்டினேன். புரிந்ததாகத் தலையாட்டினார்.