மடித்த பக்கம் வரைக்கும்

எர்ணாவூர் கண்டெய்னர் யார்டில் டில்லிபாபுவுக்கும் பகலவனுக்கும் சேர்த்து ஒரே ஹெல்மெட். கண்டெய்னர் மேலே ஏறுகிறவன் மாட்டிக்கொள்வான். மேலே நிற்பவன்தானே சூப்பர்வைசர் கண்ணுக்குத் தெரிவான். கீழே நிற்பவன் தலையைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. பகலவன் பௌத்தன், அந்த ஏற்பாட்டிலும் அவனுக்குப் பங்கில்லை. ஒருநாள் மேலடுக்கில் கிடந்த இரும்புக் கம்பி உருண்டு, கீழே நின்ற அவன் தலையில் விழுந்தது.

விசாரணையில் டில்லிபாபு சொன்னது ஒரே வரி: "அவன் ஹெல்மெட் போடல சார்." சத்தியமான வார்த்தை. அந்த ஹெல்மெட் யார் தலையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை, சொன்னால் வேலை போய்விடும். வாரத்துக்குள் கேட்டில் பகலவன் படத்தோடு போர்டு வைத்தார்கள்: 'கவனக்குறைவால் உயிரிழந்தவர்.'

பகலவன் மனைவி ரமாபாய் ஒரு தடிப் புத்தகத்தை டில்லிபாபுவிடம் கொடுத்தாள். பனி கொட்டும் ஏதோ தேசத்துக் கதை, தமிழில். பாதியில் ஒரு பக்கம் மடித்திருந்தது.

"பாதில வுட்டுட்டு பூட்டாரு. மிச்சத்த நீ படிச்சி சொல்லுண்ணா. நான் எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள கெயவியாயிடுவேன்."

எட்டாவதோடு நின்ற டில்லிபாபுவுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. பென்சிலால் யார்டு ஆட்களின் பட்டப்பெயர்களை மேலே எழுதிக்கொண்டான். பனிக்குக் காசிமேட்டு ஐஸ் கம்பெனியை நினைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்த ஊர் அவன் வீடு இருந்த புளியந்தோப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கதையில், சுரங்க வேலைக்குப் போகும் இரண்டு தோஸ்துகள். ஒரு உருளைக்கிழங்கைப் பாதியாக்கித் தின்பார்கள். மடித்த பக்கத்தைத் தாண்டியதும் மண் சரிந்து ஒருத்தன் செத்தான். மற்றவன் முதலாளிக்குப் பயந்து, பழியைச் செத்தவன் மேலேயே போட்டான்.

"த்தூ, கலீஜு" என்று பஸ்ஸிலேயே திட்டினான் டில்லிபாபு. பழி போட்டவனுக்கொரு பட்டப்பெயர் வைக்கப் பென்சிலை எடுத்தான். எழுதவில்லை. இறங்க வேண்டிய எர்ணாவூர் போய், எண்ணூரும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரமாபாய் துணி மடித்தபடி முழுக்கதையும் கேட்டாள்.

"அவரு எதுவரிக்கும் படிச்சாரு?"

"அந்தத் தோஸ்து நல்லவனா கீற வரிக்கும்."

பிறகு சொல்லிவிட்டான்: "ஹெல்மெட்டு என் தலைல இருந்துச்சும்மா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் குட்த்தானுங்கோ."

அவள் கை நின்றது. "என்னாண்ட சொல்லிட்ட. போர்டு வச்சிகீற கேட்டாண்ட சொல்லுவியா?"

அவன் புத்தகத்தை அவளிடம் நீட்டினான். ரமாபாய் புத்தகத்தை வாங்கி, மடித்த பக்கத்துக்குப் பின்னாலிருந்த தாள்களை மொத்தமாகக் கிழித்து அவன் மடியில் வைத்தாள்.

"இது உன்னுது. எத்துகினு போ."

திங்கட்கிழமை, அந்தத் தாள்கள் சட்டைக்குள் குத்த, போர்டைத் தாண்டி உள்ளே போனான். ஹெல்மெட் இப்போது முழுக்க அவனுக்கே.