யார் கேட்க வேண்டிய மன்னிப்பு

என் அக்கா மதரஸாவில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவள். பதினோரு வருடம் பாயில் உட்கார்ந்தே முதுகை ஒடித்துக்கொண்டாள். தனக்கென்று வாய் திறக்கமாட்டாள். பிள்ளைகளை மட்டும் வாய் மூட விடமாட்டாள்.

வியாழக்கிழமைதோறும் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்வாள். தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் முகத்தை விட்டுவிட்டு முதலில் காலைக் கழுவுவாள். பிள்ளைகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ளும்.

"தப்புன்னு கத்தினா போதுமா? எப்படித் தெரியும்னு சொல்லணும்" என்பாள். "தொழ வைக்கிற இமாமே தடுமாறினா, பின்னாடி நிக்கிறவங்க திருத்தணும்ல? நான் எம்மாத்திரம்?"

ஒருநாள் நிர்வாகத் தலைவர் வகுப்பைப் பார்க்க வந்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதிகமா கேள்வி கேட்டா மறுமையில நாக்கு கறுத்துப்போகும். ஹதீஸ்லயே இருக்கு" என்று எடுத்துவிட்டார். நபி சொல்லாததை நபி சொன்னதாகச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எதிரில் இருப்பது பொடிசுகள்தானே என்ற இளக்காரம்.

பட்டாசு என்று நாங்கள் கூப்பிடும் ஏழு வயதுப் பெண் கை தூக்கினாள். "எந்தக் கிதாபுல இருக்கு? யாரு அறிவிச்சது?" ஹதீஸ் என்றால் எந்த நூலில் இருக்கிறது, நபியிடம் கேட்டுச் சொன்னவர் யார் என்று விசாரிக்க அக்கா சொல்லிக்கொடுத்ததுதான்.

மனுஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கே நிர்வாகம் கூடியது. பிள்ளை எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அக்காவுக்கு வேலை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும், "பேசாம கேக்கச் சொல்லிடேன்க்கா, வேலை போனா என்ன பண்ணுவோம்?" என்றவள் நான்தான். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பட்டாசை முன்னால் கூப்பிட்டாள். பிள்ளை பாவாடையைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றது. அக்கா சட்டென்று அதன் முன்னால் மண்டியிட்டாள்.

"நீ கேக்காதேம்மா. நான் கேக்குறேன். என் வேலைக்குப் பயந்து உன்னை இங்க நிறுத்திட்டேன், மன்னிச்சுக்கோ."

பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னது ஹதீஸ் இல்லைங்க. உங்க மன்னிப்பை நீங்க அல்லாஹ்கிட்ட கேட்டுக்குங்க."

வேலை போயிற்று. வீடு வரும்வரை அழுதாள்.

வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். வகுப்பில் இப்போது சத்தமே இல்லை என்று தலைவர் பெருமையாகச் சொல்லித் திரிகிறார். முப்பது பிள்ளைகள் இருக்கிற அறையில் சத்தமே இல்லையாம்! அதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு வெட்கமாகவும் இல்லை.