சாயங்காலம் மட்டும் வராத சிக்னல்

1. மந்திரக்கோல் தூங்கிய வீடு

"ஓய், உங்க மந்திரக்கோல் மறுபடியும் தூங்கிடுத்து. பகல்ல ஆடறது, பாடறது. விளக்கு வைக்கற நேரம் வந்தா அசைய மாட்டேங்கறது. வந்து எழுப்பிட்டுப் போங்கோ."

வலியசாலை ராமசேஷன் மாமா போனில் புகார் சொன்னால் இப்படித்தான் இருக்கும். மறுநாள் வேறு மாதிரி சொல்வார்: "கை மட்டும் நீள்றது, லைட்டு எட்ட மாட்டேங்கறது." திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இருந்த எங்கள் எலக்ட்ரிக்கல் கடையில் அந்தப் போனை எடுப்பது என் வேலை. திட்டு வாங்குவதும் என் வேலைதான். ஆனாலும் அவர் பேச்சைக் கேட்பதற்காகவே நான் ரிசீவரைச் சீக்கிரம் வைக்கமாட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. மாமா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கிற நிலைக்கு வந்திருந்தார். லண்டனில் இருந்த மகன் ஒரு லைட்டிங் ஆட்டோமேஷன் செட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அதை மாட்டிக் கொடுத்தது நாங்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். வைஃபை கிடையாது. மாமா மந்திரக்கோல் என்று சொல்கிற ரிமோட்டை அமுக்கினால், படுக்கையறை பிளக்கில் செருகிய ஒரு பெட்டி அதைக் கேட்டுக்கொள்ளும். அந்தப் பெட்டி கரண்டு போகிற அதே வயரில் ஒரு சின்ன சிக்னலை அனுப்பும். ஒவ்வொரு லைட்டுக்கும் ஸ்விட்சுக்குப் பின்னால் ஒரு மாட்யூல் இருக்கும். சிக்னல் அங்கே போய்ச் சேர்ந்தால் லைட் எரியும், வழியில் களைத்துப்போனால் எரியாது.

"எழுபது வயசுல ஒரு லைட்டுக்காக இன்னொருத்தரைக் கூப்பிடறது இருக்கே, இடுப்பு ஒடிஞ்சதைவிட அதுதான் வலிக்கறது" என்று மாமா, நாங்கள் செட்டை மாட்டின அன்றே சொல்லியிருந்தார். அதனால் அவர் சாயங்காலம் போன் செய்யும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் எனக்கு ஞாபகம் வரும்.

2. சேவியரின் மீட்டர்

எங்கள் கடையில் ஆட்டோமேஷன் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், இசக்கிமுத்து. நாகர்கோவிலிலிருந்து ஒயரிங் உதவியாளாக வந்து, பழைய சாமான்களைப் பிரித்துப் பிரித்துத் தொழில் படித்தவன். இன்னொருவன் சேவியர், மார்த்தாண்டத்துக்காரன். மஸ்கட்டில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தான். வரும்போது ஒரு சிக்னல் மீட்டர் கொண்டுவந்தான்.

அந்த மீட்டரைப் பற்றி இன்றைக்கும் என்னால் நிதானமாகப் பேச முடியாது. உள்ளங்கையளவுதான். பிளக்கில் செருகினால் சிக்னலின் பலத்துக்குத் தக்கபடி ஒரு வரிசைச் சின்ன விளக்குகள் எரியும். சேவியர் அதைத் தோல் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பான். யாராவது கேட்டால் உறையைத் திறந்து, பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரிக் காட்டுவான். தொடவிடமாட்டான். நான் ஒருதரம் கேட்டதற்கு, "அண்ணே, கைமாறுனா இதுக்குக் கணக்கு தெத்திரும், கேட்டியளா" என்றான். மீட்டருக்கு அப்படியெல்லாம் கணக்கு தப்பாது என்று எனக்குத் தெரியும்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய பாக்கெட் டிரான்சிஸ்டர். ஏ.எம்.மில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துச் சுவரோரம் கொண்டுபோனால், வயரில் இரைச்சல் கிளப்புகிற சாமான் எது என்று கரகரத்துக் காட்டிக்கொடுக்கும். வேலைக்கு உதவும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு நான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறேன் என்றுதான் தோன்றும்.

மீட்டர் வருவதற்கு முன்னால் காலையில் கடை திறந்ததும் எங்கள் மலையாளி முதலாளியின் முதல் சத்தம், "எடா இசக்கியே!" பியூஸ் போனாலும் நான், பில் புக் காணாமல் போனாலும் நான். எரிச்சலாகத்தான் இருக்கும். மீட்டர் வந்தபிறகு அது "சேவியரே!" என்று மாறியது. கூப்பிட ஆள் இல்லாத காது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சேவியருக்கு டீ முதலில் வரும். நான் அந்தக் கிளாஸைப் பார்க்காத மாதிரி வயர் சுற்றிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கொச்சியில் இன்னொரு கடை திறக்க ஏற்பாடு செய்தார். "ரெண்டுபேருல ஒராளு அங்கே இன்சார்ஜா போகணும். வலியசாலை வீட்டை ஆரு சரியாக்குறானோ, அவன் போய்க்கோட்டே" என்றார்.

எனக்கு அந்த இன்சார்ஜ் வேலை வேண்டும் என்பது உண்மை. சேவியருக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிட உண்மை.

3. இரண்டு பேரும் தோற்றது

முதலில் சேவியர் போனான். பகலில் எல்லா லைட்டும் எரிந்தது. மீட்டரை ஒவ்வொரு பிளக்காகச் செருகி, கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்த யூ.பி.எஸ். சிக்னலைக் குடிக்கிறது என்று கண்டுபிடித்தான். அது சரிதான், யூ.பி.எஸ்.ஸுக்குள் இருக்கிற கப்பாசிட்டர் அந்த வேலையைச் செய்யும். ஒரு பில்டர் போட்டுவிட்டு வந்தான். மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்ததாம். அன்றைக்குச் சாயங்காலமே மாமாவிடமிருந்து போன்: "தொட்டில் மாத்தினேள், கொழந்தை அதே தூக்கம்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

அடுத்து நான் போனேன். டிரான்சிஸ்டரை வைத்துத் தேடியதில் சமையலறை டியூப்லைட்டின் எலக்ட்ரானிக் சோக் பயங்கரமாகக் கரகரத்தது. அதைக் கழற்றிப் பழைய மாதிரி இரும்புச் சோக் போட்டேன். மாமாவின் மனைவி விசாலம் மாமி எனக்குக் காபி கொடுத்து, "இன்னிக்காவது சரியாயிடுமா?" என்று கேட்டார். "சத்தியமா சரியாயிடும் மாமி" என்றேன். அவர் டபராவை எடுத்துக்கொண்டு போனார். சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை. அதை அப்போது நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. மறுநாள் காலை சேவியர் பக்கத்தில் வந்து நின்று மீட்டர் உறையைத் துடைத்தான். "ரேடியோ என்ன சொல்லுச்சு அண்ணே? ஆரு ஜெயிச்சாவளாம்?"

4. ரேழியில் ஒரு குமிழ்

சேவியர் ஐந்து மணிக்கெல்லாம் மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவான். அவன் இல்லாத நேரத்தில் நானே முடித்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், யாரிடமும் சொல்லாமல் ஒரு சாயங்காலம் வலியசாலைக்குப் போனேன். புகார் வருகிற நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற சாதாரண புத்தி அதுவரை எங்கள் இருவருக்குமே வரவில்லை. எனக்கு வந்ததற்கும் காரணம் பொறாமைதான்.

மெயின் போர்டு வாசலை ஒட்டிய ரேழியில் இருந்தது. திரீ பேஸ் சப்ளை, அதாவது ஆர், ஒய், பி என்று மூன்று தனி லைன். அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்தில் திரீ பேஸ் வீடு என்றால் பெரும்பாலும் ஒரு செலக்டர் ஸ்விட்ச் இருக்கும். சாயங்காலம் ஒரு பேஸில் வோல்டேஜ் விழுந்து டி.வி. படம் சுருங்கினால், வீட்டுக்காரர்களே குமிழைத் திருப்பி லைட், டி.வி. லைனை வேறு பேஸுக்கு மாற்றிக்கொள்வார்கள். ஜன்னல் சாத்துகிற மாதிரி ஒரு பழக்கம், நினைத்துச் செய்கிற காரியமே இல்லை.

பகலில் வந்தபோது ஆர் பேஸில் இருந்த குமிழ் இப்போது ஒய்யில் இருந்தது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிக்னல் அனுப்புகிற பெட்டி செருகியிருந்த பிளக், மாமாவுக்காகக் குமிழ் வழி போகாமல் புதிதாக இழுத்த நேர் லைனில், ஆர் பேஸில் இருக்கிறது. லைட்டுகளோ ஒய்க்குப் போய்விட்டன. பேஸ் விட்டுப் பேஸ் தாண்டும்போது சிக்னல் நூலாய் இளைத்துவிடும். மாட்யூலுக்கு எப்படிக் கேட்கும்?

வோல்டேஜ் காட்டுகிற டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். ஆரில் வோல்டேஜ் நன்றாகவே இருந்தது. பின்னால் மாமி நின்றுகொண்டிருந்தார்.

"மாமி, இதை யார் திருப்பினா?"

"நான்தான். வோல்டேஜ் இல்லேன்னா திருப்பமாட்டாளா? தெருவுல எல்லாரும்தான் திருப்பறா."

"வோல்டேஜ் இருக்கே மாமி."

அதற்குள் அறையிலிருந்து மாமா கூப்பிட்டார். "விசாலம்! அடி விசாலம்! இந்தச் சனியன் எரியலை. செத்த வாயேன்!"

"இதோ வந்துட்டேன்னா!"

மாமி போய் லைட்டைப் போட்டார். தலையணையை நிமிர்த்தி வைத்தார். மாமா பேப்பரில் படித்த யாரைப் பற்றியோ சொன்னார். மாமி, "அவன் அப்படித்தான், அவா அப்பாவும் அப்படி" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் டெஸ்டரைப் பிடித்தபடி ரேழியிலேயே நின்றேன்.

மாமி திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மொதல்ல நெஜமாவே டி.வி.க்குத்தான் திருப்பினேன். அன்னிக்கு ரிமோட் எரியலைன்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது வந்த நாள்லேர்ந்து அவர் என்னைக் கூப்பிடவே இல்லை, தெரியுமோ? படுக்கைல அதைத்தான் பக்கத்துல வச்சுண்டிருக்கார். நான் கோவிலுக்குப் போறச்சே பழையபடி வச்சுட்டுத்தான் போவேன், அவர் இருட்டுல இருக்கப்படாது. நான் ஆத்துல இருக்கறப்போ மட்டும்…" நிறுத்திவிட்டு, "ஒரு பிளாஸ்டிக் துண்டு மேல வயித்தெரிச்சல் பட்டேன்னு யார்ட்டயாவது சொல்ல முடியுமா?" என்றார்.

என்னிடம் சொல்லலாம். நான் ஒரு மீட்டர் மேல் பட்டுக்கொண்டிருந்தேன்.

5. ஒரு பாயிண்ட் பாக்கி

மறுநாள் பேஸ் கப்ளர் ஒன்றை மெயின் போர்டில் மாட்டினேன். மூன்று பேஸுக்கும் நடுவில் சிக்னலுக்கு மட்டும் பாலம் போடுகிற சின்னப் பெட்டி அது. இனி குமிழ் எங்கே இருந்தாலும் ரிமோட் வேலை செய்யும். மாமா பாத்ரூம் போகிற வழி இருட்டாக இருக்கக் கூடாது, அதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது. மாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் படுக்கையறை டியூப்லைட்டின் மாட்யூலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா பேப்பர் படிக்கிற லைட் அது. "மாமா, சோக் வச்ச லைட்டுக்கு இது ஒத்துக்கலை, மாட்யூல் எரிஞ்சுபோயிடும். இதை மட்டும் மாமிதான் போடணும்" என்றேன்.

"இருக்கறதுல பெரிய லைட்டையே எடுத்துட்டேளே ஓய்! சரி, விசாலத்துக்கும் ஒரு டூட்டி இருக்கட்டும்" என்றார் மாமா.

மாமி எனக்குக் கொடுத்த காபியில் அன்று சர்க்கரை இரண்டு பங்கு.

கடையில் முதலாளி விடவில்லை. "ஒரு பாயிண்ட் பாக்கியா? அதெந்தா பாக்கி? சேவியரே, நீ போயி அளந்து பாரு."

கப்ளர் போட்டபிறகு அந்த டியூப்லைட்டில் சிக்னல் பிரமாதமாக இருக்கும், அவன் மீட்டர் வரிசை முழுக்க எரியும். வேறொரு மாட்யூலைப் போட்டு எரியவைத்துவிட்டு வந்து, கொச்சியை வாங்கிக்கொண்டு போய்விடுவான். மாமிக்கும் ஒன்றும் மிஞ்சாது.

சேவியர் திரும்பி வந்தான். மீட்டரை உறையில் போட்டுக்கொண்டே, "அண்ணன் சொன்னது சரியாக்கும் மொதலாளி. அந்த லைட்டுல மாட்யூல் நிக்காது" என்றான். பிறகு என் பக்கம் வந்து வயர் எடுக்கிற சாக்கில் குனிந்து, "அந்த மாமி காப்பி நல்லாயிருந்து, கேட்டியளா. ரெம்ப நேரம் பேசிட்டிருந்தாவ" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவனை அன்றுதான் முழு மனதோடு வெறுக்கப் பார்த்தேன். மீட்டர் அவனுடையது, டீ முதலில் அவனுக்கு. மாமியின் மனசறிந்து ஒரு பொய் சொல்கிற பெருமையாவது எனக்கு மட்டும் என்று இருந்தேன். அதிலும் வந்து பாதி கேட்கிறான்!

கொச்சிக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். "வேலை முடிச்சது நீதான். பக்ஷே கொச்சிக்காரனுக்கு மீட்டரைக் காணிச்சாத்தான் விசுவாசம் வரும்" என்றார் முதலாளி. நியாயம்தான். வயிறு எரிந்தது, அதுவும் நியாயம்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சிக்னல் பலமில்லை என்று புகார் வந்தால் யூ.பி.எஸ்.ஸைப் பாருங்கள், சோக்கைப் பாருங்கள், எந்த லைட் எந்த பேஸில் இருக்கிறது என்று பாருங்கள். ஆனால் புகார் வருகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். அந்த லைட் எரியாதபோது அந்த வீட்டில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுங்கள்.

சேவியர் கொச்சிக்குப் போன மறுநாள் காலை, கடையைத் திறந்து ஏணியை வெளியே சாத்தினேன். உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"எடா இசக்கியே!"

கேட்காத மாதிரி ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தரம் கூப்பிடட்டும்.