போர்டில் போட்ட தப்பு

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில் பைத்தான் ப்ரோக்ராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். புத்தலப்பட்டிலிருந்து தினமும் பஸ். கூலி வேலை செய்யும் எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்தைப் பார்த்த முதல் ஆள் நான். முதலாளி சித்தூர்க்காரர். பாராட்டுவது தெலுங்கில், திட்டுவது தமிழில். சேர்ந்தபோதே தமிழில் சொல்லிவிட்டார்: "இந்த பேட்ச்சுல ஒருத்தனாச்சும் கம்பெனிக்கு செலக்ட் ஆவணும். இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்க நைனா."

டிகிரி வரை மனப்பாடம் செய்தே பாஸானவன் நான். பாஸான பிறகுதான் ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தது. என்னிடம் படிப்பவர்களுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று, போர்டில் வேண்டுமென்றே தப்போடு ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். கொடுத்த எண்களில் பெரியது எது என்று சொல்லும் ப்ரோக்ராம். 'இதுவரை பெரியது பூஜ்யம்' என்று தொடங்கியிருந்தேன். எல்லாமே மைனஸ் எண்களாக இருந்தால் விடை தப்பாகப் பூஜ்யம் என்றே வரும். எங்கே தப்பு என்று கண்டுபிடித்து வரச் சொன்னேன். மறுநாள் யாருக்கும் தெரியவில்லை. நானே திருத்திக் காட்டினேன். தலையாட்டினார்கள்.

கம்பெனித் தேர்வில் அதே கேள்வி வந்தது. வகுப்பு மொத்தமும் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தது. காப்பி அடித்ததாகச் சொல்லி எல்லோரையும் தள்ளிவிட்டார்கள்.

நகரியிலிருந்து வரும் மாணவியிடம், திருத்திக் காட்டினேனே என்றேன்.

"காட்னீங்க சார். அதுக்குள்ள மொத நாளு நைட்டே மனப்பாடம் பண்ணிட்டமே. மறுபடி யாரு உக்காந்து மாத்திக்கினு இருப்பாங்க?"

முதலாளி கூப்பிட்டார். "தப்ப எதுக்குய்யா போர்ட்ல போட்ற? அவங்க ஃபீஸு கட்றது ரைட்ட கத்துக்க. கண்டுபிடி கண்டுபிடின்றியே, வாத்தியாரு நீயா, அவங்களா?"

இன்னொரு பேட்ச் பார்க்கலாம் என்றார்.

அடுத்த பேட்ச்சுக்குச் சரியான ப்ரோக்ராம்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. மூன்று பேர் தேர்வானார்கள். மாடிப்படியில் அவர்கள் படம் போட்ட பேனர் ஏறியது. முதலாளி எனக்குத் தெலுங்கில் கை கொடுத்தார்.

மூவரில் ஒருவன் பெங்களூரிலிருந்து ஃபோன் செய்தான். "சார், இங்க ப்ரோக்ராம் குடுக்க மாட்டன்றாங்க. நம்மளே எழுதணுமாம்."

குடுத்த வேலையை எனக்கு அனுப்பு என்றேன். பஸ்ஸிலேயே எழுதி அனுப்பினேன். இப்போது அவன் வேலையில் பாதியை நான்தான் செய்கிறேன். கம்பெனி அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டால் பேனரைக் கழற்ற வேண்டிவரும். முதலாளி அப்புறம் என் பக்கம்தான் திரும்புவார்.