பேனா மூடி

தகர டப்பா கம்பெனியில் வேலை பார்த்த பொன்னுரங்கத்தின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா மின்னும். அது பேனா இல்லை, பேனாவின் மூடி மட்டும்தான். முழுசாக வாங்க வக்கில்லாமல் மூர் மார்க்கெட்டில் மூடியை மட்டும் பொறுக்கி வந்திருந்தார். அதே கடையில் வாங்கிய பவர் இல்லாத கண்ணாடியும் மூக்கில் உட்கார்ந்திருக்கும். அக்குளில் ஒரு இங்கிலீஷ் பேப்பர். அதில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. தமிழில் தன் பெயரை எழுதுவார், அவ்வளவுதான்.

திருவொற்றியூர் டீக்கடையில் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசிவரை வாயே திறக்கமாட்டார். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதுல ஒரு விசயம் கீதுப்பா" என்பார். அப்புறம் டீயைக் குடிப்பார். அந்த விஷயம் என்ன என்பதை மற்றவர்களே ஆளுக்கொன்றாக ஊகித்து, அவர் சொன்னதாகவே ஊரெல்லாம் பரப்பிவிடுவார்கள்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பன்னிரண்டு வயதில் தகரம் வெட்டப் போன மனிதர். முப்பது வருஷம் "டேய்" என்றே கூப்பிட்ட ஃபோர்மன், கண்ணாடி போட்ட மறுவாரம் "வாய்யா" என்றான். ருசி கண்டுவிட்டார், விடமுடியவில்லை.

1952-இல் அதே கம்பெனியில் கூட வேலை பார்த்த அவருடைய தோஸ்து கோதண்டத்தின் வலது கை மிஷினில் மாட்டி மூன்று விரல் போயிற்று. மூன்றாம் வாரம் கம்பெனி ஆபீசிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கோதண்டத்தின் பெண்சாதி கன்னியம்மா நேராகப் பொன்னுரங்கத்தின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஏதோ பேப்பராம்ணே. எங்களுக்கு இன்னா பிரியும்? நீ வந்து படிச்சிச் சொன்னா போதும்."

மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆபீசில் மேனேஜர் அவருடைய கண்ணாடியையும் பையில் மின்னியதையும் பார்த்தார். நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். அந்த ஆபீசில் அவருக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. டைப் அடித்த இங்கிலீஷ் காகிதம் ஒன்று கைக்கு வந்தது.

"படிச்சிப் பாத்து சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. அவரு கைநாட்டு வெச்சிடட்டும்."

பொன்னுரங்கம் வரிகளின்மேல் கண்ணை மெல்ல ஓட்டினார். நடுவில் ஒருமுறை தலையை ஆட்டினார். பழக்கதோஷம். கோதண்டம் அதைப் பார்த்துவிட்டு இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினான். வலது கை கட்டோடு மடியில் கிடந்தது.

"படிச்சிட்டியாண்ணே?" என்றாள் கன்னியம்மா. "வெக்கச் சொல்லட்டா?"

விரல் காகிதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பொன்னுரங்கம் பையிலிருந்ததை உருவி மேஜைமேல் வைத்தார். அது உருண்டு போய் மேனேஜரின் கையில் முட்டி நின்றது.

"வெறும் மூடி சார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கோதண்டம், வெக்காதடா!"

மேனேஜர் முகம் கறுத்தது. கோதண்டம் விரலை வேட்டியில் துடைத்தான். கன்னியம்மா காகிதத்தைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மூவரும் நேராக ராயபுரம் போனார்கள். அங்கே ஹார்பர் குமாஸ்தா ஜஹாங்கீர் அதைப் படித்துத் தமிழில் சொன்னார். கோதண்டம் தன் சொந்த இஷ்டத்தில் வேலையை விடுகிறானாம், கைக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லையாம்.

மறுநாளே விஷயம் டீக்கடைக்கு வந்துவிட்டது. "இன்னா மூடி, பேப்பர்ல இன்னா சேதி?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பொன்னுரங்கம் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. உள்ளுக்குள் செத்துப் பிழைத்தார் பாவம்.

வேறு காகிதம் தயார் என்று கம்பெனியிலிருந்து மறுபடி ஆள் வந்தபோது, கன்னியம்மா ஜஹாங்கீரையும் அழைத்துக்கொண்டு பொன்னுரங்கத்தின் வாசலில் நின்றாள்.

"நான் எதுக்கும்மா? அதான் பாய் கீறாரே."

"அவரு படிப்பாரு. நீ கூட இரு."

கண்ணாடி இல்லாமல், காலிப் பையோடு போனார். இந்தத் தடவை யாரும் நாற்காலி காட்டவில்லை. கை ஆறியதும் கோதண்டத்துக்குக் கம்பெனி கேட்டில் காவல் வேலை தரப்படும் என்று ஜஹாங்கீர் படித்துச் சொன்னார்.

"இன்னொரு தபா சொல்லு பாய், பிரியல" என்றார் பொன்னுரங்கம்.

ஜஹாங்கீர் மறுபடி படித்தார்.

"வார்த்தை வார்த்தையா சொல்லு. எனக்கு இன்னும் பிரியல."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவை விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போன ஜஹாங்கீர் பாதியில் நின்றார். "காலியிடம் இருந்தால்" என்று நடுவில் இருந்தது. முதல் இரண்டு தடவையும் அதை விழுங்கிவிட்டிருந்தார்.

"காலி இல்லன்னா இவன் இன்னா பண்ணுவான் சார்?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

மேனேஜர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். அந்தச் சொற்களை அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகுதான் கோதண்டம் விரலை வைத்தான்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எப்டிண்ணே கண்டுபுட்ச்சே? அவ்ளோ பட்ச்ச பாய்க்கே தோணலியே?"

பொன்னுரங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நெசமாவே பிரியலம்மா."